‘ஃபாசினேட்டிங்’ என்றால் அழகானதா? செட்டிநாட்டு வீட்டுப் பலகையில் அந்தச் சொல் வரலாமா?

வளவுவாசல்:
எங்கள் பொது வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. பங்காளிகள் கூடிப் பேசி, முகப்பையும் வளவையும் (தூண்கள் சூழ்ந்த உள்முற்றம்) வெளியாட்கள் பார்க்கத் திறந்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. வாசல் பக்கம் மாட்ட ஆங்கிலத்தில் ஒரு பலகை வேண்டும். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எழுதி பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தூண்களுக்கு ‘ஃபாசினேட்டிங் பில்லர்ஸ்’, தரைக்கு ‘ஃபாசினேட்டிங் டைல்ஸ்’, எங்கள் முன்னோர் பர்மாவில் செய்த வட்டி வியாபாரத்துக்கு ‘ஃபாசினேட்டிங் ஹிஸ்டரி’. சென்னையில் இருக்கும் அண்ணன் ஒருவர், “அந்தச் சொல்லுக்கு அழகானது என்று அர்த்தமே கிடையாது, எல்லா இடத்திலும் எடுத்துவிடு” என்கிறார். மதுரைத் தம்பி, “சுற்றுலா எழுத்தில் அது இல்லாமல் எப்படி, இருக்கட்டும்” என்கிறான். பலகை எழுதுகிறவரிடம் கொடுப்பதற்கு முன் எனக்குத் தெளிவு வேண்டும். சரியான பொருள் என்ன? எங்கே போடலாம், எங்கே கூடாது?

தேவகோட்டை வாத்தியார்:
உங்கள் அண்ணன் சொல்வதே சரி. பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பொருள் நம் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, “இது என்ன, எப்படி, ஏன்” என்று மேலும் மேலும் அறியத் தூண்டினால் அது ஃபாசினேட்டிங். அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. புதிதாக வெள்ளையடித்த சுவர் அழகு. அதன்முன் யாரும் அரை மணி நேரம் நிற்பதில்லை. கறையான் அரித்த பழைய பேரேடு அழகில்லை. ஆனால் அதில் ரங்கூன் கடையின் வட்டிக் கணக்கு இருக்கிறது என்று தெரிந்தால் கீழே வைக்க மனம் வராது. இரண்டாவதுதான் இந்தச் சொல்லுக்கு உரியது.

இன்னொன்று. பிள்ளைகள் எப்போதும் இடறும் இடம் இது. ‘ஃபாசினேட்டிங்’ என்பது பொருளுக்கு, ‘ஃபாசினேட்டட்’ என்பது பார்க்கிறவருக்கு. தரை ஃபாசினேட்டிங், அதைப் பார்த்த நான் ஃபாசினேட்டட். “ஐ ஆம் ஃபாசினேட்டிங் இன் செட்டிநாடு” என்று எழுதினால், “என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் சொக்கி நிற்கிறார்கள்” என்று ஆகிவிடும். ‘ஃபாசினேட்டட்’ என்பதற்குப் பின்னால் ‘பை’ வரலாம், ‘வித்’ வரலாம். ‘இன்’ வராது.

தூணுக்கும் தரைக்கும் வரலாற்றுக்கும் ஒரே அடைமொழியைப் போட்டால் மூன்றைப் பற்றியும் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் பொருள். எடுத்துவிடுங்கள்.

காரைக்குடி கைடு:
வாத்தியார் ஐயா, வணக்கம். நீங்க சொல்ற இலக்கணம் சரி. ஆனா பலகைங்கிறது பரீட்சைத் தாள் இல்லையே. நான் தினம் வெளிநாட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு ஆத்தங்குடி, கானாடுகாத்தான்னு சுத்துறவன். வளவுக்குள்ள காலை வச்சதும் அவங்க வாயில முதல்ல வர்ற சொல்லே இதுதான். பிரெஞ்சுக்காரங்களும் ‘ஃபாசினான்’னுதான் சொல்றாங்க, அதே சொல்லுதான். அவங்க மனசுல இருக்கிறதைப் பலகையில போடறதுல என்ன தப்பு?

இப்பக் கேக்கிறேன், ‘பியூட்டிஃபுல்’னு போட்டா மட்டும் என்ன சொல்லிட்டோம்? ரோசாப்பூவும் பியூட்டிஃபுல், கொடைக்கானலும் பியூட்டிஃபுல். எங்க ஊர் வீட்டுல பர்மாத் தேக்குத் தூண் நிக்குது, கீழே இத்தாலி சலவைக்கல், பக்கத்துல பெல்ஜியம் கண்ணாடி, நிலைக்கு மேல கஜலட்சுமி. இதெல்லாம் எப்படி ஒரு வீட்டுக்குள்ள வந்து சேந்துச்சுன்னு யோசிக்க வைக்குது பாருங்க, அதுக்கு ஃபாசினேட்டிங்தான் பொருத்தம். நீங்க சொன்ன விளக்கப்படியே பொருத்தம்.

தேவகோட்டை வாத்தியார்:
தம்பி, இப்போது நீங்கள் சொன்னீர்களே, தேக்கு, சலவைக்கல், கண்ணாடி, கஜலட்சுமி என்று. அதையே பலகையில் எழுதுங்கள் என்கிறேன். படிக்கிறவர் தானாகவே வியக்கட்டும். “நீ வியந்துகொள்” என்று நாம் ஏன் ஆணை போட வேண்டும்?

வேர்ச்சொல் விரும்பி:
பொருளைப் பற்றிப் பேசும்போது பிறப்பையும் பார்க்க வேண்டும். லத்தீனில் ‘ஃபாஸ்கினாரே’ என்றால் கண்ணேறு வைத்தல், மந்திரத்தால் கட்டுதல். அந்தக் கண்ணேறு படாமல் இருக்க ரோமானியர்கள் ‘ஃபாஸ்கினும்’ என்ற தாயத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டினார்கள். வெற்றி ஊர்வலம் வரும் தளபதியின் தேருக்கு அடியிலும் அதைத் தொங்கவிட்டார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஊரே கண் வைக்கும் நாள் அல்லவா அது! ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தபோது ‘சூனியத்தால் கட்டுவது’ என்ற பொருளோடுதான் வந்தது. பாம்பு பார்வையாலேயே இரையை அசையாமல் நிறுத்திவிடும் என்று நம்பினார்களே, அதற்கும் இந்தச் சொல்லையே ஆண்டார்கள். இனிமையாக ஈர்ப்பது என்ற பொருள் பிற்பாடு வந்தது.

 

ஆகவே இது மென்மையான பாராட்டுச் சொல் இல்லை. பார்க்கிறவன் நகர முடியாமல் கட்டுண்டு நிற்கிறான் என்று சொல்லும் கனமான சொல். அதை ஒவ்வொரு வரியிலும் இறைத்தால் கனம் போய்விடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
கண்ணேறுன்னு சொன்னீங்களே தம்பி, அதைப் படிச்சதும் எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு எங்க அப்பத்தா சொல்லாத நாள் இல்லை. வீடு கட்டுறப்பவே திருஷ்டிப் பொம்மை கட்டி, பூசணிக்காய் சுத்தி உடைச்சு, கண்ணு படாம பாத்துப் பாத்துக் கட்டின வீடுங்க. இப்ப வாசல்ல நாமளே பலகை போட்டு ‘வாங்க, வந்து கண்ணு வைங்க’ன்னு எழுதறதா?

நான் வேடிக்கைக்குச் சொல்லலை. பாக்க வர்றவுக எல்லாரும் பாத்துட்டு மட்டும் போறதில்லை. தூணு என்ன விலை, நிலை என்ன விலைன்னு கேக்கிறவுகளும் உண்டு. பங்கு பிரிஞ்ச வீட்டுல பத்துப் பேருக்கும் பத்து யோசனை. கடைசியில வீட்டைப் பிரிச்சு, தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போய் நிக்கிறதைக் காரைக்குடியில நாம பாக்காததா? எனக்கு அந்த ஆங்கிலச் சொல்லு வேண்டாம்.

தேவகோட்டை வாத்தியார்:
ஆச்சி, உங்கள் வருத்தம் நியாயமானது. அதே முடிவுக்குத்தான் நானும் வருகிறேன். ஆனால் காரணம் அதுவாக இருக்கக்கூடாது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதை வைத்து இன்று அதன் பொருளைத் தீர்மானிக்க முடியாது. நம் ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம். கோயிலில் மலரின் நாற்றம் என்று பாடியிருக்கிறார்கள். இன்று கல்யாண வீட்டில் மாலையைப் பார்த்து “என்ன நாற்றம்!” என்று சொல்லிவிட்டு வேரைக் காட்டித் தப்பிக்க முடியுமா? இன்று லண்டனில் ஒருவர் ஃபாசினேட்டிங் என்று சொன்னால் அவர் மனத்தில் சூனியமும் இல்லை, தாயத்தும் இல்லை.

வேர்ச்சொல் விரும்பி:
நாற்றம் முழுவதுமாகத் திரும்பிவிட்ட சொல், ஐயா. ஃபாசினேட்டிங் அப்படித் திரும்பவில்லை. பிடித்து நிறுத்துவது என்ற எலும்பு இன்னும் உள்ளே இருக்கிறது. ‘ஹாரிபிள் ஃபாசினேஷன்’ என்று சொல்கிறார்களே, விபத்து நடந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாத நிலை, அதற்கு ‘பியூட்டிஃபுல்’ பொருந்தாது, ‘சார்மிங்’ பொருந்தாது. இது மட்டும் பொருந்துகிறது. பழைய பொருளின் மிச்சம் இல்லாமல் இது எப்படி வரும்?

ஆங்கிலத்தில் ஈர்ப்பைச் சொல்லும் சொற்கள் பலவும் இப்படித்தான். ‘என்சான்ட்டிங்’ பாடி மயக்குவதிலிருந்து வந்தது. ‘சார்மிங்’ என்பதற்கும் மூலம் ‘கார்மென்’, அதாவது பாட்டு, மந்திரம். ‘கேப்டிவேட்டிங்’ சிறைபிடிப்பது. ‘என்த்ராலிங்’ அடிமையாக்குவது. தமிழில் மட்டும் என்ன? ‘வசீகரம்’ என்றால் வசப்படுத்துவது. ‘கவர்ச்சி’யில் உள்ள கவர்தல்தான் வெட்சித் திணையில் ஆநிரை கவர்தல், மாட்டை ஓட்டிக்கொண்டு போவது. ஆச்சிக்குப் பட்டது வெறும் நம்பிக்கை இல்லை. ஈர்ப்புக்கும் பறிப்புக்கும் இடையே உள்ள உறவைப் பல மொழிகளும் கண்டிருக்கின்றன.

காரைக்குடி கைடு:
அப்ப ‘மெஸ்மரைசிங்’னு மாத்திடுவோமா? அதுவும் நல்லா ஓடுற சொல்லுதான்.

வேர்ச்சொல் விரும்பி:
வேண்டாம் அண்ணே. அது ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர் என்ற மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. வியன்னாவில் தொழில் செய்தவர், பிறகு பாரிசுக்குப் போனார். உடம்புக்குள் ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அதைச் சரிசெய்தால் நோய் தீரும் என்றார். 1784இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழு சோதித்துப் பார்த்து, அப்படி ஒரு திரவத்துக்கு ஆதாரமே இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று அறிவித்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாசியேயும் அந்தக் குழுவில் இருந்தார்கள். இன்று அந்தச் சொல்லுக்குக் கண்ணிமைக்காமல் சொக்கி நிற்பது என்று பொருள். நீர்வீழ்ச்சி, நடனம், குரல் ஆகியவற்றுக்குப் பொருந்தும். மெஸ்மரைஸ் ஆனவர் கேள்வி கேட்க மாட்டார், சொக்கிப்போய் நிற்பார். ஃபாசினேட் ஆனவர்தான் கேள்வி கேட்பார். உங்கள் விருந்தினர்கள் கேள்வி கேட்பவர்கள் இல்லையா?

காரைக்குடி கைடு:
கேள்வியாக் கேப்பாங்க. வீட்டு முகப்புல நாலஞ்சு எழுத்து வரிசையா இருக்கே, அது என்னன்னுதான் முதல் கேள்வி. விலாசம்னு சொல்லி, பாட்டன் முப்பாட்டன் பேரோட முதலெழுத்துன்னு விளக்கினா அங்கேயே நின்னுடுவாங்க.

ஆத்தங்குடி கல்:
நான் தரைக்குப் போடற கல் ஊத்துற பட்டறையில வேலை செய்யறேன். ஆங்கிலம் அவ்வளவா வராது. ஆனா எந்த இடத்துல ஆளுங்க நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும், அதைச் சொல்றேன்.

போட்டு முடிச்ச தரையைப் பாத்து நல்லா இருக்குன்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. வேலை நடக்கிற இடத்துலதான் நிக்கிறாங்க. கண்ணாடித் தகட்டை வைப்போம். அது மேல இரும்புச் சட்டம். அதுக்குள்ள பூ அச்சு. ஒவ்வொரு கண்ணியிலயும் ஒவ்வொரு கலர் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால ஊத்துவோம். அச்சை மெதுவாத் தூக்கினா கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காம நிக்கும். மேல காய்ஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு அமுக்கி மட்டம் பண்ணுவோம். காய வச்சு, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுப்போம். கண்ணாடி பிரிஞ்சு வரும்போது மினுமினுன்னு இருக்கும். அந்த மினுமினுப்பு கண்ணாடி குடுத்தது. சூளையில வைக்கிறது கிடையாது, பாலிஷ் மிஷினும் கிடையாது. இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க, இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்கம்பாங்க.

வாத்தியார் சொல்ற விளக்கப்படி, அந்தச் சொல்லு தரைக்கு இல்லை, தரை பிறக்கிற விதத்துக்குத்தான் சேரும்னு தோணுது.

தேவகோட்டை வாத்தியார்:
இவ்வளவு நேரம் நான் சொல்ல முயன்றதை ஒரு பட்டறைக்காரர் முறையாகச் சொல்லிவிட்டார். ‘ஃபாசினேட்டிங் பிராசஸ்’ என்று எழுதினால் நான் மறுக்க மாட்டேன், அடுத்த வரியில் அந்தக் கண்ணாடித் தகடு வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

கிட்டங்கிப் பேரன்:
எல்லோரும் தூணையும் தரையையும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது ‘ஃபாசினேட்டிங் ஹிஸ்டரி’. எங்கள் ஐயா வட்டிக்கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகப் போய், படிப்படியாக அடுத்தாளாகி, மேலாளாகி, பர்மாவிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர். ‘கொண்டுவிக்கப் போறது’ என்று நம் பக்கம் சொல்லும் அந்தப் பயணம் வேடிக்கைக் கதை கிடையாது.

1930இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி விளைநிலம் நம்மவர் கையில் இருந்தது. நிலம் இழந்தவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? 1942இல் ஜப்பான் படை வந்தபோது அசாம் வழியாக நடந்தே வந்தவர்களும், வழியில் செத்தவர்களும் உண்டு. சொத்து அங்கேயே போனது. இவ்வளவையும் ‘ஃபாசினேட்டிங்’ என்று ஒரு சொல்லால் மெழுகிவிட என் மனம் ஒப்பவில்லை.

காரைக்குடி கைடு:
அண்ணே, மெழுகறதுக்கா போடறோம்? கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு தோணணும், அதுக்குத்தான். நான் இந்தக் கதையை வளவுல உக்காந்து முழுசாச் சொல்றேன், நிலம் போனவன் கதையும் சேத்துத்தான் சொல்றேன். அந்தச் சொல்லு அவங்களை உள்ளே கூட்டிட்டு வருது. உள்ளே வந்தாத்தானே சொல்ல முடியும்?

பள்ளத்தூர் ஆச்சி:
கிட்டங்கிப் பேரன் தம்பி, நிலம் வாங்கினதை மட்டும் சொல்றீங்க. போட்ட முதல் எல்லாம் போய், வெறுங்கையோட வந்து, இந்த வீட்டுத் தாழ்வாரத்துல உக்காந்து மௌனமாவே செத்த ஆம்பளைங்களை எங்க ஆத்தா பாத்திருக்கு. நம்ம பாட்டன் பூட்டனை வெறும் வட்டிக்காரன்னு பலகையில எழுதிடப் போறீங்களா?

கிட்டங்கிப் பேரன்:
இல்லை ஆச்சி. இரண்டையும் எழுத வேண்டும் என்கிறேன். என் வாதம் சொல்லைப் பற்றியது. ஃபாசினேட்டிங் என்பது வெளியே நின்று பார்க்கிறவன் சொல். தன் அப்பச்சி நடந்து வந்த கதையை எந்த மகனும் அப்படிச் சொல்ல மாட்டான். நிலத்தை இழந்த பர்மியனின் மகனும் சொல்ல மாட்டான். வலி இல்லாத தூரத்தில் நிற்கிறவனுக்குத்தான் அந்தச் சொல் வாயில் வரும். நம் வீட்டு வாசலில், நம் பெயரில் நாமே வைக்கும் பலகையில் நாமே வெளியாளாக நின்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேவகோட்டை வாத்தியார்:
அகராதியில் இப்படி ஒரு விதி இல்லை. ஆனால் வழக்கில் இருக்கிறது, நானும் உணர்ந்திருக்கிறேன். துக்க வீட்டில் போய் இறந்தவர் நோயைப் பற்றி “ஹவ் ஃபாசினேட்டிங்” என்று யாரும் சொல்வதில்லை. அதே நோயைப் பற்றி மருத்துவ மாநாட்டில் சொல்வார்கள், அங்கே அது சரியான சொல். பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை இந்த அடைமொழி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காரைக்குடி கைடு:
சரி, நான் கடைசியா ஒண்ணு கேக்கிறேன். பலகையைப் படிக்கப் போறது யாரு? வெளியாளு. ஃபிரான்ஸ்ல இருந்தோ பெங்களூர்ல இருந்தோ வந்து, வெயில்ல வாசல்ல நிக்கிற ஆளு. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்களைச் சேத்தாங்க. அதுக்கப்புறம் இன்னும் நிறைய பேர் விஷயம் தெரிஞ்சு தேடி வர்றாங்க. அவங்க பார்வையில நின்னு அவங்களுக்கு ஒரு வரி சொன்னா வீட்டுக்காரங்க வெளியாளாயிடுவாங்களா? வீட்டுக்காரங்க பாஷையிலதான் எல்லாம் எழுதணும்னா பலகையே தேவையில்லையே. ஒரு இடத்துலயாவது அது இருக்கணும். ஒரு சொல்லுக்காக வாசல்ல வந்தவனை வெறும் விவரப்பட்டியலோட அனுப்பாதீங்க. ஒரு வீடு திறந்து நாலு பேர் வந்தாத்தான் ஓடு மாத்தக் காசு வரும், ஓடு மாத்தினாத்தான் தூணு நிக்கும். ஆச்சி சொன்ன கண்ணேறை விட ஒழுகுற ஓடுதான் வீட்டைச் சீக்கிரம் கொல்லும்.

பள்ளத்தூர் ஆச்சி:
ஓட்டைப் பத்திச் சொன்னது உண்மை. எங்க இரண்டாங்கட்டு மழைக்கு அப்படித்தான் போச்சு. ஆனாலும் அந்தச் சொல்லு எனக்குப் பிடிக்கலை.

வளவுவாசல்:
எல்லோருடைய பதிவையும் பங்காளிகளுக்கு வாசித்துக் காட்டினேன். மாற்றி எழுதிய வடிவத்தின் சாரத்தைத் தமிழில் போடுகிறேன்.

தூண்: “பர்மாத் தேக்கு, கப்பலில் வந்தது. சுவரின் பூச்சு சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது. கையால் தடவிப் பாருங்கள்.” அடைமொழி இல்லை.

தரை: “ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றிச் செய்தது. செய்யும் முறை ஃபாசினேட்டிங். பட்டறைகள் பக்கத்தில்தான், போய்ப் பாருங்கள்.” கைடு அண்ணன் கேட்ட ஒரே இடம் இது.

வரலாறு: “இந்தக் குடும்பம் பர்மாவில் கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்தது. 1930களில் நெல் விலை சரிந்தபோது அங்குள்ள விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். 1942 போரில் இந்தக் குடும்பமும் பெரும்பகுதியை இழந்தது. வீடு மிஞ்சியது.”

கிட்டங்கிப் பேரன்:
வரலாற்று வரி எனக்குச் சம்மதம். ‘கடன் கொடுத்து வாங்கும் தொழில்’ என்பதை ஆங்கிலத்தில் நேரடியாகவே எழுதுங்கள், ‘பேங்கிங்’ என்று மட்டும் போட்டுச் சுருக்க வேண்டாம். அசாம் வழி நடந்ததையும் ஒரு வரியில் சேர்க்க இடம் இருக்கிறதா?

தேவகோட்டை வாத்தியார்:
தரை வரியில் அந்தச் சொல் இல்லாமலேயே நிற்கும் என்பதுதான் இன்னும் என் கருத்து. இருந்தாலும் பிழை இல்லை. ‘வெரி ஃபாசினேட்டிங்’ என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். சொல்லே கனமானது, அதற்கு முன் ‘வெரி’ ஒட்டாது.

காரைக்குடி கைடு:
எனக்கு அந்த ஒரு இடம் போதும். பட்டறைக்கு வழி காட்டுற அம்புக்குறியும் போட்டுடுங்க.

பள்ளத்தூர் ஆச்சி:
எல்லாத்துக்கும் மேல வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்துல தமிழ்ல போடுங்க. அந்த எழுத்துக்கு அர்த்தம் என்ன, யாரு யாரு பேருன்னு கீழே ஆங்கிலத்துல விளக்கம் எழுதுங்க. அதைத்தானே எல்லாரும் முதல்ல கேக்கிறாகன்னு அந்தத் தம்பி சொல்லுச்சு.

வளவுவாசல்:
போடுகிறேன் ஆச்சி. விலாசத்தில் மூன்றாவது எழுத்து யாருடையது என்பதில் பங்காளிகளுக்குள் இரண்டு பேச்சு இருக்கிறது. இளையாத்தங்குடிக் கோயிலில் புள்ளி வரி ஏடு, அதாவது குடும்பங்களின் கணக்கேடு, பார்க்கிறவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். நடந்து வந்த வரியையும் சேர்த்துவிடுகிறேன்.